ஞானதிரவியம் திருப்பிக் கொடுத்தவை

ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை உதிரிப் பாகங்களைப் போட்டுவைத்திருந்த பழைய கிடங்கு ஒன்று உண்டு. அதை வாடகைக்கு எடுத்து மங்கையர்க்கரசி ஒரு பள்ளி நடத்திவந்தார். பள்ளி என்றால் பாடத்திட்டம், பரீட்சை, சான்றிதழ் எதுவும் கிடையாது. கணினித் தொழிலில் எங்கேயாவது முட்டிக்கொண்டு நிற்பவர்கள் வருவார்கள், கொஞ்ச நாள் இருப்பார்கள், தெளிந்ததும் கிளம்பிவிடுவார்கள்.

குருவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. சீடராக வந்து சேர்ந்த ஞானதிரவியத்துக்கு ஐம்பது எப்போதோ தாண்டிவிட்டது. அவர் இவரை "டீச்சர்" என்பார், இவர் அவரை "அண்ணாச்சி" என்பார். அதில் இரண்டு பேருக்குமே ஒரு சங்கடமும் இல்லை.

சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. கடலுக்குள் போன வள்ளங்களுக்குப் புயல் எச்சரிக்கையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நிரல் ஒன்றை ஞானதிரவியம் எழுதியிருந்தார். நடுக்கடலில் சிக்னல் வரும், போகும். அவருடைய நிரல் திரும்பத் திரும்ப முயன்று, வள்ளத்திலிருக்கும் சின்னக் கருவியில் செய்தியைச் சேர்த்துவிட்டுத்தான் ஓயும். மாதக்கணக்கில் கடற்கரையில் தங்கி, வள்ளத்தில் ஏறி, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்து எழுதியது அது. அவர் வேலை பார்த்த கம்பெனி அதை இன்னொருவர் பெயரில் மேடையேற்றியது. இவர் நியாயம் கேட்கப் போனார். நீதான் அவரிடமிருந்து காப்பியடித்தாய் என்று விசாரணையில் முடிவு கட்டி அனுப்பிவிட்டார்கள். மனுஷன் வேலையை விட்டார். தூக்கத்தையும் விட்டார்.

"டீச்சர், ஒரு கேள்வி."

"கேளுங்க அண்ணாச்சி."

"இது முழுக்க இவனோடதுதான்னு ஊரே ஒத்துக்கிடுத மாதிரி ஒரு வேலைய எப்பிடிச் செய்யிறது? ஒரு வரிகூட அடுத்தவன்கிட்ட வாங்கினதா இருக்கப்பிடாது. எந்தப் பயலும் வந்து உரிமை கொண்டாடப்பிடாது."

மங்கையர்க்கரசி பதில் சொல்வதற்குள் வெளிக் கேட்டு திறக்கிற சத்தம் கேட்டது. மீன் விற்கும் பெண்கள் சங்கத்தின் தலைவி அமலோற்பவமும், கூட நாலைந்து பேரும் உள்ளே வந்தார்கள். புது சிக்னல் டவர்கள் போட்ட பிறகு, அவர்கள் கரையிலிருந்து போகும் வள்ளங்களுக்கு எச்சரிக்கை வந்து சேர்வதில்லை. கம்பெனி ஆட்களும் வந்து வந்து பார்த்துவிட்டார்கள். கோளாறு பிடிபடவில்லை. அமலோற்பவத்தின் மகன் கிளீட்டஸ் ஓட்டுகிற வள்ளமும் அந்தக் கரையில்தான் இருந்தது.

"சாரே, ஐப்பசி பொறக்கப் போவுது. ஒருக்கா வந்து பாருங்க."

"அதுல எம் பேரா போட்டிருக்கு? பேரு போட்டவன வந்து பாக்கச் சொல்லுங்க."

"பேரு எதுல இருக்கோ இல்லியோ, நீங்க வாந்தியெடுத்தது எங்க வள்ளத்துல. அத எழுதினது யாருன்னு எங்களுக்குத் தெரியாதா?"

ஞானதிரவியம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இனிமே நான் யாருக்கும் ஒண்ணும் செய்யுததா இல்ல. போயிட்டு வாங்க."

மங்கையர்க்கரசி வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தார். "அப்பப்ப வந்து கேட்டுட்டுப் போங்க அக்கா" என்று அமலோற்பவத்திடம் சொல்லி அனுப்பிவைத்தார். பிறகு சீடரிடம் திரும்பினார்.

"யாருக்கும் ஒண்ணும் குடுக்க மாட்டிய, அப்பிடித்தானே?"

"மாட்டேன்."

"நியாயம்தான். அப்ப யார்கிட்டயும் ஒண்ணும் வாங்கவும் வேண்டாம். இதுவரைக்கும் வாங்கினதையும் ஒவ்வொண்ணாத் திருப்பிக் குடுத்துருங்க. என் மேசையில கொண்டுவந்து வையுங்க. வைக்கும்போது, யார் குடுத்ததுன்னு மட்டும் சொல்லணும். எல்லாம் போக மிச்சம் என்ன இருக்கோ, அத வச்சுச் செய்ங்க. ஒரு பய கேக்க முடியாது."

ஞானதிரவியத்துக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கணினியின் வரலாற்றை அவர் கரைத்துக் குடித்தவர். எதை யார் எந்த வருடம் கண்டுபிடித்தார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இதென்ன பிரமாதம் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

தனக்கென்று ஒரு புது நிரல்மொழி செய்வதாகத் திட்டம். ஆனால் அதில் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரிகிற எண்களாக மாற்றித் தர ஒரு கம்பைலர் வேண்டும். அது அடுத்தவரிடம் வாங்கியது. கூச்சப்படாமல் லேப்டாப்பை அப்படியே எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தார்.

"யார் குடுத்தது?"

"கிரேஸ் ஹாப்பர்னு ஒரு அம்மா. அமெரிக்கக் கப்பற்படையில இருந்தவங்க. புரோகிராம் எழுதுத வேலையில பாதிய மிஷினே பாத்துக்கிடும்னு செஞ்சு காட்டினாங்க. கம்ப்யூட்டருக்குக் கணக்குதான் வரும், இதெல்லாம் வராதுன்னு மொதல்ல ஒருத்தரும் அதத் தொடக்கூட இல்லியாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தொடாதவன் யாரு?"

"வச்சுட்டுப் போங்க."

அடுத்து 8085 கிட்டை எடுத்துக்கொண்டார். ஒரு காலத்தில் நம் பொறியியல் கல்லூரிகளில் படித்தவர்கள் எல்லோரும் திட்டிக்கொண்டே தட்டிய பலகை அது. ஒரு சிப், கொஞ்சம் பொத்தான்கள், சிவப்பு எழுத்தில் எண் காட்டும் சின்னத் திரை. எண்களை நேரடியாகத் தட்டி நிரலை ஏற்றலாம், கம்பைலர் வேண்டாம். இரண்டு நாள் நிம்மதியாகத் தட்டினார். மூன்றாம் நாள் அதையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்னாச்சு அண்ணாச்சி?"

"நான் தட்டுதத வாங்கி உள்ள வைக்கிறதுக்கே அதுல ஒரு புரோகிராம் இருக்கு டீச்சர். யோசிக்காம இருந்துட்டேன்."

"யார் குடுத்தது?"

"தெரியல. யாரோ ஒரு இன்ஜினியர்." கொஞ்சம் நின்றார். "ஒரு விசயம் சொல்லுதேன். பொத்தான ஒரு தடவ அமுக்கினா, உள்ள இருக்க தகடு துள்ளித் துள்ளி நாலஞ்சு தடவ தொடும். அவ்வளவையும் எண்ணினா ஒரு எண்ணு அஞ்சு எண்ணா ஏறிரும். துள்ளல் அடங்குத வரைக்கும் ஒரு கண்ணிமைக்கிற நேரம் காத்திருந்து, ஒண்ணாவே எடுத்துக்கிடுத மாதிரி அந்த ஆளு எழுதி வச்சிருக்கான். காலேஜ்ல இருந்து இத தட்டுதேன். இப்பத்தான் அது கண்ணுல படுது."

"பேரு தெரியலன்னா பரவாயில்ல. வச்சுட்டுப் போங்க."

"நல்ல மனுஷனா இருந்திருக்கணும்" என்று முனகிக்கொண்டே போனார் ஞானதிரவியம்.

இப்படியே போயிற்று. பொத்தான்களை விட்டுவிட்டு, தனியாக ஒரு சிப்பில் வெறும் சுவிட்சுகளால் ஒன்று, பூஜ்யம் என்று ஏற்றிப் பார்த்தார். அப்போதுதான், கட்டளைகளையும் கணக்கையும் ஒரே நினைவகத்தில் வைப்பதே ஒருவரோ பலரோ கொடுத்த யோசனை என்று உறைத்தது. அதையும் சொல்லி ஒப்படைக்க வந்தார்.

"இந்த யோசனை இல்லாட்டி என்ன செய்யணும்?" என்றார் குரு.

"ஒவ்வொரு கணக்குக்கும் வயரப் பிடுங்கிப் பிடுங்கி வேற எடத்துல சொருகணும். ரெண்டாம் உலக யுத்தம் முடியுத சமயத்துல ஒரு ஹால் நிறைய மிஷின் வச்சிருந்தாங்க. ஆறு பொம்பளப் பிள்ளைய அதுக்குப் புரோகிராம் செஞ்சாங்க. கைப்புத்தகம்னு ஒண்ணு கிடையாது. வரைபடத்தப் பாத்துப் பாத்து அவங்களே கண்டுபிடிச்சாங்க. பத்திரிகைக்காரங்க வந்து போட்டோ எடுத்தாங்க. மிஷின் பேரு வந்துச்சு. கூட நின்ன இவங்க பேரு வரல."



"கோவப்பட்டிருப்பாங்களோ?" என்றார் குரு.

"பட்டிருப்பாங்க. படாம இருக்க முடியுமா?" குரல் கொஞ்சம் இறங்கியது. "பேரு வெளிய வர எத்தனையோ வருசமாச்சு டீச்சர். ஆனா கணக்கு அன்னிக்கே சரியா வந்துச்சு."

"வச்சுட்டுப் போங்க" என்று அன்றைக்கு மங்கையர்க்கரசி சொல்லவில்லை. இருவருக்குமாகத் தேநீர் ஊற்றினார்.

இடையில் அமலோற்பவம் வந்தார், இந்தத் தடவை தனியாக. சிரிப்பு இல்லை. முந்தின நாள் திடீரென்று வீசிய காற்றில் கிளீட்டஸின் வள்ளம் மாட்டிக்கொண்டதாம். எச்சரிக்கை வரவில்லை. மாதா புண்ணியத்தில் பக்கத்து வள்ளத்துக்காரன் கயிறு போட்டு இழுத்து வந்திருக்கிறான். பையன் வீட்டில் சோறு இறங்காமல் கிடக்கிறான்.

"நான் ஒண்ணும் கேக்கல சாரே. சொல்லணும்னு தோணிச்சு, வந்து சொன்னேன்."

கிளீட்டஸை ஞானதிரவியத்துக்கு நன்றாகத் தெரியும். வாந்தியெடுத்த நாட்களில் தலையைப் பிடித்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கச் சொன்னவன் அவன். ஆனாலும் வீம்பு என்று ஒன்று இருக்கிறதே! அது எழுந்து போகவிடாமல் அவரை நாற்காலியிலேயே அழுத்தி வைத்தது. அமலோற்பவம் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானமே ஞானதிரவியம் சிப்பைக் கழற்றிக்கொண்டு மேசைக்கு வந்தார். வழக்கத்தைவிட வேகமாக வந்தார்.

"யார் குடுத்தது?"

"ரெண்டு பேரு. ஒருத்தருக்கொருத்தர் தெரியாம, வேற வேற ஊர்ல உக்காந்து, சில மாச வித்தியாசத்துல செஞ்சது. எவ்வளவோ காலம் கழிச்சு ஒருத்தருக்கு நோபல் பரிசு குடுத்தாங்க. அதுக்குள்ள இன்னொருத்தர் செத்துப்போயிட்டாரு. அவரு இருந்திருந்தா இத அவரும் நானும் சேந்துதான் வாங்கியிருப்போம்னு பரிசு வாங்கினவரே சொன்னாராம்."

"சொல்லாம இருந்திருக்கலாமே?"

"இருந்திருக்கலாம். யாரு கேக்கப் போறா?"

கம்பெனியில் தன் வேலைக்குப் பெயர் போட்டுக்கொண்டவர் நினைவு அவருக்கு வந்திருக்கும்போல. சிப்பை மேசையில் வைத்துவிட்டு ஒரு கும்பிடு போட்டார். அது குருவுக்குப் போட்டதில்லை.

சிப் போன பிறகு டிரான்சிஸ்டர். "மூணு பேரு டீச்சர். பேரு யாருக்குன்னு அவங்களுக்குள்ளயே மனஸ்தாபம்."

"டிரான்சிஸ்டர் யார் பக்கம் நின்னுச்சு?"

"அது எங்க நின்னுச்சு? ஊர்ல இருக்க ரேடியோவுக்குள்ள எல்லாம் போயி உக்காந்துக்கிட்டு."

பிறகு ரிலே. மின்சாரம் பாய்ந்தால் டிக் என்று ஒட்டிக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும் சின்ன இரும்புச் சாமான் அது. பத்துப் பதினைந்து ரிலேக்களைக் கோத்து ஒரு கூட்டல் கணக்குப் போட வைத்தார். டிக் டிக் என்று கிடங்கே அதிர்ந்தது. இதற்குமேல் என்ன இருக்கிறது, இது சொந்தம் என்று இரண்டு நாள் மிதப்பில் திரிந்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"சுவிட்ச கோக்கிறதும் தர்க்கமும் ஒண்ணுதான்னு ஒரு காலேஜ் பையன் கண்டுபிடிச்சது டீச்சர் இது. அவனுக்கும் ஏறக்குறைய நூறு வருசம் முந்தி, ஜார்ஜ் பூல்னு ஒருத்தர் உண்மை, பொய் ரெண்டையும் வச்சுக் கணக்குப் போட்டுக் காட்டினாரு. செருப்புத் தைக்கிறவரு மகன். இந்தக் கணக்கு ஒருநாள் மிஷின்ல ஓடப்போவுதுன்னு அவருக்கு எங்க தெரியும்? தெரியாமலே எழுதி வச்சுட்டுப் போயிட்டாரு."

"வேற யாரும் அப்பிடி உண்டா?"

"உண்டே! அடா லவ்லேஸ்னு ஒரு சீமாட்டி, கட்டி முடிக்காத மிஷினுக்குப் புரோகிராம் எழுதினாங்க. கடைசிவரை அந்த மிஷின் ஓடவே இல்ல. பட்டுத் துணியில பூ நெய்யுததுக்கு ஒரு நெசவாளி அட்டையில ஓட்ட போட்டாரு. அந்த ஓட்டதான் கம்ப்யூட்டர் வரைக்கும் வந்துச்சு. அவருக்கு முந்தியே காகிதத்துல ஓட்ட போட்டுப் பாத்தவங்க வேற இருக்காங்க."

வர வர அவர் பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. முதல் நாள் ஒப்படைத்தபோது கணக்குத் தீர்த்த குரலில் சொன்னார். இப்போது சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். யார் என்று தெரியாதவர்களுக்காக இவ்வளவு பேர் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். அந்தத் தெரியாதவர்களில் தானும் ஒருவன் என்பது அவருக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. என்ன தவம் செய்தேன் என்று ஒருதரம் வாய்விட்டே சொன்னார்.

கடைசியில் ஒரு சுவிட்சும் ஒரு பல்பும் மிஞ்சின. எரிந்தால் ஒன்று, அணைந்தால் பூஜ்யம்.

"பூஜ்யம் யார் குடுத்தது?"

"அது நம்மளோடது டீச்சர்!" நெஞ்சை நிமிர்த்தினார்.

"நம்மள்ல யாரு?"

நெஞ்சு கொஞ்சம் இறங்கியது. "பூஜ்யத்த வச்சுக் கணக்குப் போடுத விதிய எழுதி வச்சவங்க பேரு தெரியும். மொதமொதல்ல இல்லாததுக்கு ஒரு புள்ளி வச்சவன் யாருன்னு… தெரியல."

"வையுங்க."

சுவிட்சையும் பல்பையும் வைத்தார். வைத்தவர் போகாமல் நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் இருக்கு. அதக் குடுக்க மாட்டேன். அது என்னோடது."

"என்னது?"

"வள்ளத்துக்குச் செய்தி போகலன்னா, ஒடனே மறுபடி அனுப்பக்கூடாது. எல்லாரும் ஒரே நேரத்துல அனுப்பினா முட்டிக்கிட்டு ஒண்ணும் போகாது. ஆளாளுக்கு வேற வேற நேரம் பொறுத்து அனுப்பணும். அப்பவும் போகலன்னா, இன்னும் கூடப் பொறுக்கணும். அதத்தான் அந்தப் பய எம்பேர்ல இருந்து எடுத்துக்கிட்டான்."

"வச்சுக்கோங்க அண்ணாச்சி. எங்க கிடைச்சுது?"

"எங்கயும் கிடைக்கல. வள்ளத்துல உக்காந்து நானா…"

ஞானதிரவியம் பக்கத்திலிருந்த பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். கல்லூரி நூலகத்தில் என்றோ படித்தது மேலே வந்தது. பசிபிக் கடலில் சில தீவுகள். தீவுக்குத் தீவு கணினிகளை வானொலியில் பேசவைக்க ஒரு கூட்டம் உட்கார்ந்து யோசித்தது. செய்தி முட்டிக்கொண்டால் கொஞ்சம் பொறு, மறுபடி அனுப்பு. பின்னால் வந்தவர்கள் பொறுக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்றார்கள். அங்கேயும் கடல்தான். இங்கே நம் கடலுக்கும் வள்ளத்துக்கும் ஏற்றபடி அதை அவர் மாற்றியிருந்தார், அவ்வளவுதான்.

"அப்ப அவங்க சொன்னது சரிதானா டீச்சர்? நான் காப்பியடிச்சவன்தானா?"

"இல்ல." மங்கையர்க்கரசி இவ்வளவு வெடுக்கென்று அதுவரை பேசியதில்லை. "உங்ககிட்ட செஞ்சது திருட்டு. அத நான் யார்கிட்டயும் சொல்லுவேன். இது வேற."

அவருக்கு அது போதுமாக இருந்தது. இத்தனை நாளில் ஒருவர் வாயால் அவர் கேட்க ஆசைப்பட்ட சொல் அது ஒன்றுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்து, கையில் எதையோ ஏந்திக் கொண்டுவந்து வைப்பதுபோல, அந்த யோசனையையும் மேசையில் வைத்தார்.

"இப்பக் கையில என்ன மிச்சம்?" என்றார் குரு.

"கோவம் மட்டும் கொஞ்சம் இருக்கு."

"அது இருக்கட்டும். அது முழுக்க உங்களோடது. எவனும் உரிமை கொண்டாட மாட்டான்."

ஞானதிரவியம் சிரித்துவிட்டார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீரும் வந்தது. மேசையில் கிடந்த சாமான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். வெளியே காற்று திசை மாறியிருந்தது. கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது.

"ஆனா ஒரு விசயம் டீச்சர். இவ்வளவையும் உங்க மேசையில வச்சாப் போதுமா? இதெல்லாம் குடுத்தவங்ககிட்டல்லா போய்ச் சேரணும். பாதிப்பேரு செத்தாச்சு. மிச்சப்பேருல பலபேரு யாருன்னே தெரியல. நான் இத எங்க கொண்டுபோய், யார் கையிலன்னு குடுப்பேன்?"

வெளிக் கேட்டு திறக்கிற சத்தமும் அமலோற்பவத்தின் குரலும் கேட்டன. மங்கையர்க்கரசி லேப்டாப்பை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"வாசல்ல நிக்காங்க அண்ணாச்சி. மழை வருது, மொதல்ல உள்ள கூப்பிடுங்க."